செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது வந்து நின்றால், என் மேஸ்திரி பானட் பக்கமே போகமாட்டார். வண்டிக்குப் பின்னால் போய், சைலன்சர் குழாய்க்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். "ம், அடி" என்பார். டிரைவர் சாவியைத் திருப்புவார். செல்ஃப் மோட்டார் ஐந்தாறு விநாடி சுற்றும். "போதும், நிறுத்து." எழுந்து வரும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், எந்தப் பெட்டியை எடுத்துவர வேண்டும் என்று. கரண்டு பெட்டியா, ஸ்பேனர் பெட்டியா என்பதை அவர் பின்னால் உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்திருப்பார்.

1993-ல் திண்டுக்கல்லில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 18. முதல் ஆறு மாதம், அவர் பின்னால் போய் உட்காருவது எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. இன்ஜின் முன்னால் இருக்கிறது, இவர் எதற்குப் பின்னால் போகிறார்? கேட்கவும் பயம். ஒருநாள் அவரே கூப்பிட்டு அருகில் உட்காரவைத்தார். "என்ன தெரியுது?" "ஒண்ணும் தெரியலைண்ணே." "அதான்டா. ஒண்ணும் தெரியல பாரு, புகையே வரல. அப்ப டீசல் உள்ள போகல. டீசல் போகாத இன்ஜின்ல நாசிலைக் கழட்டிப் பாத்து என்ன பண்ணப் போற?"

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை 17, 18 மடங்கு அழுத்தினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில், சரியான கணத்தில், நாசில் வழியாக டீசலைப் பூந்தூறலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். காற்றின் சூடு, டீசலின் வரத்து, பீய்ச்சுகிற நேரம் ஆகிய இந்த மூன்றில் ஒன்று தவறினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் எடுக்காது. எது தவறியது என்பதை முதலில் சொல்வது புகைதான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகை இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளையாகப் புகை வந்து, கண்ணைக் கரிக்கிற பச்சை டீசல் வாடை அடித்தால், டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. அப்போது கம்ப்ரஷன், டைமிங், ஹீட்டர் பிளக், செல்ஃபின் வேகம் என்று தேட வேண்டும். இந்த இரண்டும் இரண்டு வேறு ஊருக்குப் போகிற பாதைகள். தப்பான பாதையில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டுத் திரும்பிய மெக்கானிக்குகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். நானும் நடந்திருக்கிறேன்.

இப்போது என் பட்டறை ஒட்டன்சத்திரத்தில், பழனி சாலையில் இருக்கிறது. எங்கள் ஊர் காய்கறி மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குக் காய் போகாத நாள் அபூர்வம். முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் என்று பெரிய லாரியில் போவது ஒருபுறம். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மார்க்கெட்டுக்கு வந்து சேர்வதும், சில்லறைச் சரக்காகப் பாலக்காடு வரை போவதும் பிக்கப் வண்டிகளில்தான். டாட்டா 207, மஹிந்திரா பிக்கப் இரண்டும்தான் இங்கே அதிகம். பத்து, பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டிகள். இந்த வண்டி ஒரு நாள் நின்றால் தக்காளி காத்திருக்காது. அதனால்தான் "செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலண்ணே" என்று ஒருவர் சொல்லும்போது அதை நான் அவசரக் கேஸாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

"செல்ஃப் சுத்துது" என்ற சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. எப்படிச் சுற்றுகிறது என்று காதால் கேட்க வேண்டும். நல்ல இன்ஜினில் அந்தச் சத்தம் நான்கு நான்காக, ஒரே தாளத்தில் விழும். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால் நான்கில் ஒரு அடி நழுவும். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் தாளமே இல்லாமல், வெறும் மோட்டார் சுற்றுவதுபோல் விர்ரென்று போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் சாவியைப் பிடுங்கிவிட வேண்டும். மேலும் சுற்றினால் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும்.

மெதுவாகச் சுற்றினாலும் டீசல் பற்றாது. மெதுவாக அழுத்தப்படுகிற காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே இறங்கிவிடும், அழுத்தமும் ரிங் வழியாகக் கசிந்துவிடும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் நான் டீசல் பம்பைத் தொடவே மாட்டேன். முதலில் பேட்டரி, பிறகு கேபிள், பிறகு எர்த்.

எர்த் என்றதும் ராமேஸ்வரம் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்த ஒரு பிக்கப் நினைவுக்கு வருகிறது. ஐஸ் உருகிச் சொட்டுகிற உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் சேஸிஸ் மேல் ஊறியிருந்தது. புதுப் பேட்டரி போட்டும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது, வெள்ளைப் புகை லேசாக வந்தது. டிரைவர் ஏதோ பேச்சில் சொன்னார்: "ரெண்டு மூணு தடவை அடிச்சா கிளட்ச் கேபிள் சூடாகுதுண்ணே, ஏன்?" இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய எர்த் பட்டை உப்பில் அரித்து, நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழியில்லாமல் கிளட்ச் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பட்டை ஒன்று போட்டு, போல்ட் உட்காருகிற இடத்தை வெள்ளை இரும்பு தெரிய எமரித் தாளில் தேய்த்துவிட்டதும் முதல் அடியிலேயே எடுத்தது. அந்தக் கேள்வியை அவர் கேட்காமலிருந்தால் நான் நாசிலைக் கழற்றியிருப்பேன்.

இனி என் தவறு ஒன்று. சொந்தமாகப் பட்டறை போட்ட முதல் வருடம். ஒரு பழைய பிக்கப், ரோட்டரி பம்ப் வண்டி. செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, புகை துளியும் இல்லை. டீசல் போகவில்லை என்று சரியாகத்தான் பிடித்தேன். ஃபில்டருக்கு டீசல் வருகிறது. ஹேண்ட் பம்பை அடித்தால் கையில் இறுகுகிறது. நாசில் யூனியனைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் ஒரு சொட்டு வரவில்லை. "பம்ப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். பம்பைக் கழற்றி, துணியில் சுற்றி, திண்டுக்கல்லில் பம்ப் ரூமுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எந்தப் பம்பையும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வோம். அந்தக் கம்பெனியின் பெயர் 2008-ல் பாஷ் என்று மாறிய பிறகும் பழைய ஆட்களின் வாயில் மைக்கோதான். மறுநாள் பம்ப் ரூம்காரர் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிக் காட்டினார். நான்கு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே அளவாக நிறைந்தது. "பம்ப் தங்கம் மாதிரி இருக்கு தம்பி. சொலினாய்டுக்குக் கரண்டு வந்துச்சா, பாத்தியா?"

பார்க்கவில்லை. ரோட்டரி பம்பின் தலையில், நாசில் குழாய்கள் புறப்படுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன சொலினாய்டு உண்டு. சாவியைப் போட்டதும் 12 வோல்ட் வந்து, 'டக்' என்று உள்ளே இருக்கும் ஊசியைத் தூக்கும். அப்போதுதான் டீசல் வழி திறக்கும். சாவியை எடுத்தால் ஊசி விழுந்து வழி அடைபடும், இன்ஜின் நிற்கும். அந்த வண்டியில் அந்த லைனின் ஃபியூஸ் உருகியிருந்தது. ஒரு ரூபாய் ஃபியூஸுக்காக அந்த வண்டிக்காரரை இரண்டு நாள் நிறுத்திவைத்தேன். கூலி வாங்கவில்லை, பம்ப் ரூம் செலவையும் நானே கொடுத்தேன். ஆனாலும் அவருடைய இரண்டு நாள் வாடகை போனது போனதுதான். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கிறது. புகை இல்லாத பழைய வண்டி என்றால் முதலில் சாவியைப் போடச் சொல்லி, சொலினாய்டின் மேல் விரலை வைப்பேன். அந்த 'டக்' விரலில் தெரியும். தெரியாவிட்டால் லேம்ப். கரண்டு வந்தும் தூக்காவிட்டால் சொலினாய்டு போய்விட்டது என்று பொருள். நடுவழியில் அப்படி நின்றால், அதைக் கழற்றி உள்ளே இருக்கிற ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் திரும்ப முடுக்கினால் வண்டி ஓடும். ஆனால் சாவியை எடுத்தாலும் நிற்காது. பிரேக்கை மிதித்துக்கொண்டு டாப் கியரில் கிளட்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும். பட்டறை வந்து சேரும் வரைக்கும்தான் அந்த வித்தை.

டீசலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபில்டரின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை இதைச் செய்கிற டிரைவர்களுக்குப் பம்ப் செலவு வருவதில்லை. காற்று வழியையும் மறக்கக் கூடாது. ஆறு மாதம் தோப்பில் நின்ற ஒரு பிக்கப்பின் ஏர் கிளீனருக்குள் எலி தேங்காய் நார் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. காற்று போகவே இடமில்லை.

காற்று போகக் கூடாத இடத்தில் போவது இன்னொரு கதை. பழைய பிக்கப்பில் ஸ்டார்ட்டிங் தொந்தரவு என்றால் பத்தில் ஆறு ஏழு இதுதான் என்பது என் அனுபவம். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் இளநீர் வராமல் காற்று வருவதுபோல, அந்த வழியில் எங்கே சின்ன நெகிழ்வு இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லாததால் கண்ணுக்கு அகப்படாது. பம்ப் காற்றை அழுத்தினால் காற்று சுருங்குமே தவிர நாசிலைத் திறக்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். காற்றுக் குமிழி இருக்கிற குழாயில் அது எப்படி ஏறும்?

2011 மார்கழி. ஒரு டிரைவர் தம்பி, சொந்த வண்டி, கடனில் வாங்கிய பழைய பிக்கப். மூன்று மாதமாக அவருக்கு இதே தொந்தரவு. சில நாள் காலையில் முதல் அடியில் எடுக்கும். சில நாள் பேட்டரி தீரும்வரை அடித்தாலும் எடுக்காது, ஆள் வைத்துத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். மூன்று பட்டறை பார்த்துவிட்டார். பம்ப் ஓவராயில், நான்கு நாசில், இரண்டு முறை ஃபில்டர், புதுப் பேட்டரி. எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய். வீட்டு நகையை அடகு வைத்த பணம். ஒவ்வொரு பட்டறையிலும் வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துவிடும். அவர்களும் மனசாரத்தான் அனுப்பியிருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் அதே கதை.

என்னிடம் வந்த அன்றும் வண்டி நன்றாகத்தான் எடுத்தது. இருபது முறை அணைத்து எடுத்தோம், இருபது முறையும் எடுத்தது. கழற்றிப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. டீ வாங்கிவரச் சொல்லி, அவரை உட்காரவைத்துப் பேசினேன்.

"எந்தெந்த நாள் எடுக்கல, ஞாபகம் இருக்கா?"

"நாள்னு சொல்ல முடியாதுண்ணே. வீட்டு வாசல்ல நின்னா பெரும்பாலும் எடுத்துரும். மார்க்கெட்ல ராத்திரி போட்டுட்டுப் படுத்தாத்தான் காலையில மானத்த வாங்கும்."

"மார்க்கெட்ல எங்க நிறுத்துவ?"

"பின்பக்கம், லோடு ஏத்துற மேட்டுல. மூக்கு மேல பாத்து நிக்கும், பின்னாடி பள்ளம்."

"வீட்ல?"

"எங்க சந்து சரிவுண்ணே. மூக்கு கீழ."

கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். இன்னொன்றும் கேட்டேன்: "டேங்க்ல எவ்வளவு இருக்கும்போது?" அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க கேக்கவுந்தான் தோணுது. ஃபுல்லா போட்ட அன்னிக்கு இந்தத் தொந்தரவு வந்ததே இல்ல."

வண்டியின் மூக்கு மேலே இருந்தால் பம்ப் உயரத்திலும் டேங்க் பள்ளத்திலும் இருக்கும். குழாயில் எங்கேனும் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால், ராத்திரி முழுக்க அதன் வழியே காற்று புகுந்து, குழாயில் நிற்கிற டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். மூக்கு கீழே இருந்து டேங்கும் நிறைந்திருந்தால் டீசல் தானாகவே பம்புப் பக்கம் நிற்கும், காற்றுக்கு இடமில்லை. இந்தத் தம்பிக்குப் பம்ப் பற்றி ஒன்றும் தெரியாது, ஏர் லாக் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவே. ஆனால் கோளாறு எங்கே என்பது மூன்று மாதமாக அவரிடம்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அன்று வண்டியை என்னிடமே விட்டுவிடச் சொன்னேன். டேங்கில் கால் பங்கு டீசல் மட்டும் வைத்தேன். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் போட்டேன். பட்டறை வாசல் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிட்டுப் போனேன். தூக்கம் சரியாக வரவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், ஹோஸில் டீசலே இல்லை. செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். புகை இல்லை.

பிறகு செய்ததை விவரமாகவே சொல்கிறேன், செலவில்லாத சோதனை இது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பானட்டின் கொக்கியில் பம்பைவிட உயரமாகக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராகப் பம்பின் வாய்க்குக் கொடுக்க வேண்டும். ரிட்டர்ன் லைனை இன்னொரு கேனில் விட வேண்டும். காற்றை எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தேன். நான்கைந்து சுற்றில் இன்ஜின் எடுத்தது. பம்பும் நாசிலும் கம்ப்ரஷனும் டைமிங்கும் அந்த ஒரு அடியில் நிரபராதிகள் ஆகிவிட்டன. அடுத்து அதே கேனை ஃபில்டருக்கு முன்னால் இணைத்தேன். அணைத்து அரை நாள் விட்டுப் பார்த்தோம், அப்போதும் எடுத்தது. ஃபில்டர் தலையும் ஹேண்ட் பம்ப் வாஷரும் சரி. மிச்சம் இருப்பது ஃபில்டரிலிருந்து டேங்க் வரைக்கும் சேஸிஸை ஒட்டி ஓடுகிற இரும்புக் குழாய் மட்டும்.

அதில் ஓட்டை எங்கே என்று கண்ணால் தெரியவில்லை. எண்ணெயும் புழுதியும் அப்பிய குழாய். வெந்நீர் விட்டுக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவிட்டு, டேங்கை நிரப்பி, இந்த முறை மூக்கு கீழே பார்க்க நிறுத்தினேன். காற்று உள்ளே போகிற ஓட்டை வழியே இப்போது டீசல் வெளியே வர வேண்டும். வீட்டிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்துவந்து குழாய் நெடுகத் தூவினேன். முக்கால் மணி நேரத்தில், நடு கிராஸ் மெம்பர் மேல் குழாய் உரசிப் போகிற இடத்தில், மிளகு அளவுக்கு ஓர் ஈரப் புள்ளி தெரிந்தது.

அந்த இடத்தில் குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளாம்ப் இருக்க வேண்டும். இல்லை. வண்டி வாங்கியவுடன் பின்பக்கப் பாடியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வெல்டிங் வைக்கக் கழற்றிய கிளாம்பைத் திரும்பப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஆதரவில்லாத குழாய் இரும்பின் மேல் உரசி உரசி, ஊசி நுழையும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கெட்டுப்போன நான்கு அங்குலத்தை அறுத்து எடுத்து, டீசலுக்கென்றே விற்கிற ரப்பர் ஹோஸில் இரு பக்கமும் கிளிப் போட்டு இணைத்து, ரப்பர் வைத்த கிளாம்ப் இரண்டு அடித்தேன். சாமானுக்கு ஆன செலவு முந்நூறு ரூபாய்கூட இல்லை. சரக்கோடு மேடு ஏறும்போது வண்டி திணறியதும் அதோடு சரியாகிவிட்டது. அதைப் பாரம் கூடுதலால் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். கணக்கைச் சொன்னபோது அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் வண்டி நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முந்நூறு ரூபாயில் முடிந்தது என்ற நிம்மதியைவிட, 23,000 போனதே என்ற வலிதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று பட்டறைக்காரர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பட்டறைத் தரை சமமாக இருக்கும். வண்டி ஓடிவந்த சூட்டில், குழாய் நிறைய டீசலோடு நிற்கும். அங்கே இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது. கோளாறு வாழ்கிற இடம் மார்க்கெட்டின் மேடு. அங்கே போய்ப் பார்க்க வேண்டும், அல்லது அந்த மேட்டைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும்.

மார்கழி வந்தால் வேறு வகையான வண்டிகளும் வரும். எங்கள் ஊரிலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறுகிற மலைச் சாலையில் வாழையும் காப்பியும் இறக்குகிற பழைய ஜீப்புகள், பிக்கப்புகள். பெஜோ டிசைன் இன்ஜின் பூட்டிய பழைய மஹிந்திரா வண்டிகளில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாமல் முன்னறை ஒன்றில் போய்ப் பற்றும். அந்த அறைச் சுவரே சூட்டைக் குடித்துவிடும் என்பதால் ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் எடுக்காது. அடிவாரத்தில் ஒழுங்காக எடுக்கிற வண்டி மேலே போய் ஒரு ராத்திரி நின்றால் வெள்ளைப் புகையாகக் கக்கும். பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பார்த்தால் போதும். விளக்கு எரியாத பிளக் செத்துப்போனது. நான்கில் இரண்டு செத்திருந்தால் மலைக்காலைகள் கஷ்டம்தான்.

அந்தக் கஷ்டத்துக்கு அவசர மருந்தாக ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடிப்பது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் நடக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். அது பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கிற சரக்கு. ரிங் உட்காருகிற பள்ளம் உடைந்துபோன பிஸ்டன்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் மேனிஃபோல்டிலேயே தீப்பிடித்து முகத்துக்கு வரும். செல்ஃபையும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். கோளாறு பத்து ரூபாயாக இருக்கும்போதே செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் கொன்றுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

நாசிலைக் கம்ப்யூட்டர் திறக்கிற காமன் ரெயில் வண்டிகளும் இப்போது பழசாகத் தொடங்கிவிட்டன. அவற்றில் புகை இல்லையென்றால் ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் அழுத்தம் ஏறுகிறதா, கிராங்க் சென்சார் இன்ஜின் சுற்றுவதைச் சொல்கிறதா என்று பார்க்கிறேன். ரெயில் 200 பார் பக்கம் வராவிட்டால் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்க விடாது. சாவியில் இருக்கிற சிப்பை வண்டி அடையாளம் கண்டுகொள்ளாவிட்டாலும் இதே கதைதான். இளம் மெக்கானிக்குகளுக்கு ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய வண்டிப் பழக்கத்தில் காமன் ரெயில் குழாயின் யூனியனைத் தளர்த்தி செல்ஃப் அடிக்காதீர்கள். ஓடுகிற வண்டியில் அங்கே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்தத் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரும். பழைய பம்பின் நாசிலை டெஸ்டரில் அடிக்கும்போதும் முன்னால் கையை நீட்டக் கூடாது. குத்திவிட்டால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சமீப காலமாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வண்டி நின்றால் முதலாளி ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டு, சாவியைக் கவரில் போட்டு அனுப்பிவிடுகிறார். கூடவே ஒரு போன்: "ஸ்டார்ட் ஆகல, பாத்து வைங்க." ஓட்டியவர் வேறு வண்டியில் லோடுக்குப் போயிருப்பார், அவர் நம்பரும் கிடைக்காது. வண்டி எந்தச் சரிவில் நின்றது, டேங்கில் எவ்வளவு இருந்தது, கடைசியாக டீசல் எங்கே போட்டது, நிற்பதற்கு முன்னால் திணறியதா, பொசுக்கென்று அணைந்ததா, யாராவது அடியில் வெல்டிங் வைத்தார்களா, இதையெல்லாம் நான் யாரிடம் கேட்பது? ஸ்கேனர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லாது. வண்டி வைத்திருக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: வண்டியை அனுப்பும்போது அதை ஓட்டிய டிரைவரையும் கூட அனுப்பிவையுங்கள்.